வில்லும் நெருப்பும்: பாரசீக நாணயங்களைப் படிக்க ஒரு தொடக்கம்

'பூவா, தலையா?' என்று கேட்டு நாணயத்தைச் சுண்டுகிறோம். இரண்டு பக்கத்திலும் ஏதாவது இருக்கும் என்பது நமக்குப் பழகிப்போன நம்பிக்கை. 2500 ஆண்டுகளுக்கு முன் பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் வெளியிட்ட பொற்காசைச் சுண்டினால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் தலை உண்டு, பூ கிடையாது. ஒரு பக்கம் வில்லேந்திய மன்னன். மறுபக்கம் நீள்சதுரமாக வெறும் பள்ளம். எழுத்து ஒன்றுகூட இல்லை. மன்னரின் பெயரோ ஊரோ ஆண்டோ கடவுளோ எதுவும் அதில் இல்லை.

அதே நாட்டில் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து, கி.பி. 224-இல் ஆட்சியைப் பிடித்த அர்தஷீரின் வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மன்னரின் முகமும் மகுடமும். அதைச் சுற்றி அவருடைய பெயர், பட்டம், வணங்கும் கடவுள், குலம் எல்லாம் எழுத்தில் ஓடுகின்றன. மறுபக்கம் கொழுந்துவிட்டு எரியும் அக்னி பீடம். அந்த நெருப்புக்குக்கூடப் பெயர் பொறித்திருக்கிறார்கள்: 'அர்தஷீரின் அக்னி'.

வில்லில் தொடங்கி நெருப்பில் வந்து நிற்கிறது பாரசீக நாணயங்களின் வரலாறு. 'எங்களை ஆள உனக்கு என்ன உரிமை?' என்று குடிமக்கள் கேட்காமலே கேட்கும் கேள்விக்கு ஒவ்வொரு அரச மரபும் ஒரு பதில் வைத்திருந்தது. மலைச்சரிவில் செதுக்கிய சிற்பத்தைப் பார்க்க அங்கே போக வேண்டும். அரண்மனைச் சுவரைப் பார்க்க உள்ளே விட வேண்டும். காசு மட்டும் தானாகவே ஊர் ஊராக நடந்து மக்களின் உள்ளங்கைக்கு வந்துவிடும். அந்தப் பதிலை எழுதிவைக்க அதைவிட நல்ல இடம் ஏது?

லிடியாவிடம் கற்ற பாடம்

காசு அடிக்கும் வழக்கத்தைப் பாரசீகர்கள் கண்டுபிடிக்கவில்லை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டிடமிருந்து அதைக் கற்றார்கள். அங்கே முதலில் தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் காசுகள் அடிக்கப்பட்டன. பிறகு குரோசஸ் என்ற மன்னரின் காலத்தில் பொன்னுக்குத் தனிக் காசு, வெள்ளிக்குத் தனிக் காசு என்ற முறை வேரூன்றியது. அந்தக் காசில் ஒரு சிங்கமும் காளையும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்.

கி.மு. 546 வாக்கில், பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் லிடியாவை வென்று அதன் தலைநகரான சார்டிஸைக் கைப்பற்றினார். அங்கிருந்த அக்கசாலையை, அதாவது காசு அடிக்கும் கூடத்தை, அவர் மூடவில்லை. காசின் உருவத்தையும் மாற்றவில்லை. சிங்கமும் காளையும் பாரசீகர் ஆட்சியிலும் தொடர்ந்து அச்சாகிவந்தன. மக்கள் நம்பி வாங்கும் காசில் கைவைக்காமல் இருந்தது சைரஸின் அரசியல் முதிர்ச்சி என்றே எண்ணுகிறேன்.

இந்த இடைக்காலத்துக்கு அழகான சான்று ஒன்று உண்டு. டேரியஸ் தம் தலைநகரான பெர்செபோலிஸில் பெரிய கொலு மண்டபம் கட்டியபோது, அதன் அடித்தளத்தின் மூலைகளில் கல்பெட்டிகளைப் புதைத்தார். பொன்னிலும் வெள்ளியிலும் செய்த கல்வெட்டுத் தகடுகள் அவற்றுக்குள் இருந்தன. 1933-இல் அகழாய்வாளர்கள் அவற்றைக் கண்டெடுத்தபோது, பெட்டிகளுக்கு அடியில் காசுகளும் கிடைத்தன. சில லிடிய வகைப் பொற்காசுகள், சில கிரேக்க வெள்ளிக் காசுகள். டேரியஸின் சொந்தக் காசு ஒன்றுகூட அங்கே இல்லை. மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டிய நாளில் வில்லேந்திய காசு இன்னும் பிறக்கவில்லை என்று ஆய்வாளர்கள் இதிலிருந்து முடிவு செய்கிறார்கள். பெர்செபோலிஸில் கிடைத்த களிமண் ஏடு ஒன்றில், முத்திரைக்குப் பதிலாக ஒரு வெள்ளிக் காசை அழுத்திய தடம் இருக்கிறது. அதன் காலம் கி.மு. 500-ஐ ஒட்டியது. அதில் வில்லாளி தெளிவாகத் தெரிகிறான். இந்த இரண்டு சான்றுகளுக்கும் நடுவில்தான் புதிய காசு பிறந்திருக்க வேண்டும்.

வில்லேந்திய மன்னன்

பொற்காசின் பெயர் டாரிக். எடை சுமார் 8.4 கிராம். நம் நகைக்கடைக் கணக்கில் சொன்னால் ஒரு சவரனுக்குச் சற்றுக் கூடுதல். பொன்னின் தரம் மிக உயர்ந்தது. கூடவே வந்த வெள்ளிக் காசு சிக்லோஸ். அதன் எடை முதலில் 5.4 கிராம் அளவிலும் பிறகு 5.6 கிராம் அளவிலும் இருந்தது. 20 சிக்லோஸ் சேர்ந்தால் ஒரு டாரிக்.

பின்புறப் பள்ளம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள அக்காலத் தொழில்முறையைப் பார்க்க வேண்டும். எடை சரிபார்த்த உலோக வில்லையைச் சூடேற்றி, பட்டடையில் பதித்த அச்சின்மேல் வைப்பார்கள். அதன்மேல் ஓர் இரும்பு முளையை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கீழே உள்ள அச்சின் உருவம் ஒரு பக்கத்தில் எழும்பி நிற்கும். மேலிருந்து அழுத்திய முளையின் தடம் மறுபக்கத்தில் குழியாகும். கிரேக்க நகரங்கள் அந்த முளையின் முனையிலும் உருவம் செதுக்கி இரண்டு பக்கத்தையும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகும், பாரசீகப் பேரரசு பள்ளத்தோடு நின்றுகொண்டது. டேரியஸ் முதல் அலெக்சாந்தரின் படையெடுப்பு வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அப்படியே.

முன்பக்க உருவத்தை ஆய்வாளர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். மிகப் பழையதில் இடுப்புக்கு மேலே மட்டும் தெரியும் மன்னன், கையில் வில்லும் அம்புகளும் பிடித்திருக்கிறான். அடுத்ததில் ஒரு முழங்காலை மடக்கி அம்பு எய்கிறான். மூன்றாவதில் ஒரு கையில் ஈட்டி, மறுகையில் வில். கடைசியில் ஈட்டி போய்க் குத்துவாள் வருகிறது. ஆயுதங்கள் மாறினாலும் வில் மட்டும் நான்கிலும் கையைவிட்டுப் போகவில்லை.

தலையில் பல்பல்லாக வெட்டிய மகுடம், நீண்ட மடிப்பு அங்கி, மடங்கிய முழங்கால். இவற்றைக்கொண்டு மன்னன் என்று சொல்லிவிடலாம். எந்த மன்னன் என்று சொல்ல முடியாது. மன்னர்கள் மாறினார்கள், காசில் இருந்தவன் மாறவில்லை. அது தனி ஒருவரின் முகமாக வரையப்பட்டதே இல்லை. அரச பதவிக்கே ஓர் உடல் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி வரைந்திருக்கிறார்கள்.

வில் ஏன்? இதற்கு டேரியஸின் வாக்குமூலமே இருக்கிறது. பெர்செபோலிஸுக்கு அருகில் நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற செங்குத்துப் பாறையில் அவருடைய கல்லறை குடையப்பட்டுள்ளது. அங்கே உள்ள கல்வெட்டில் அவர் தம்மைப் பற்றிச் சொல்கிறார்: வில்லாளியாக நான் நல்ல வில்லாளி, தரையில் நின்றாலும் குதிரைமேல் இருந்தாலும், ஈட்டி எறிவதிலும் நான் தேர்ந்தவன். காசில் உள்ள உருவம் இந்த வரிகளின் சித்திரம் போலவே இருக்கிறது. ஆளும் தகுதி உடலின் வலிமையிலும் கைப்பழக்கத்திலும் தெரிய வேண்டும் என்பது பாரசீகக் கொள்கை.

அதே கல்லறையின் முகப்புச் சிற்பத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மன்னர் படிமேடையில் நிற்கிறார். இடக்கையில் வில். எதிரே பீடத்தில் நெருப்பு எரிகிறது. மேலே சிறகு விரித்த வட்டத்துக்குள் ஓர் உருவம். அகுரா மஸ்தா என்ற பெருங்கடவுள் அவர் என்பது பலருடைய கருத்து. மூலையில் நிலா. வில், நெருப்பு, கடவுள், நிலா என்று எல்லாமே டேரியஸின் மனத்தில் இருந்திருக்கின்றன. காசுக்கு அவர் தேர்ந்தெடுத்தது வில்லை மட்டும். மீதி மூன்றும் காசில் இடம்பிடிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. பாரசீகரின் பழைய சமயமான சொராஸ்டிரியத்தின் அடையாளமாக இன்று எங்கும் காணப்படும் அந்தச் சிறகுருவம் டாரிக்கில் இருப்பதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் அது இல்லை.

இந்தக் காசு பேரரசு முழுவதும் புழங்கியது என்று நினைப்பதும் தவறு. சிக்லோஸ் பெரும்பாலும் மேற்குப் பகுதியில், கிரேக்கர்களோடு கொடுக்கல் வாங்கல் நடந்த இடங்களில்தான் கிடைக்கிறது. பாரசீகத்தின் இதயமான பெர்செபோலிஸில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் வேறொரு உலகத்தைக் காட்டுகின்றன. அங்கே வேலையாட்களுக்கு வாற்கோதுமையும் திராட்சை மதுவும் படியளந்தார்கள். பிற்பாடு கூலியில் ஒரு பங்கு வெள்ளியாகக் கொடுக்கப்பட்டபோதும், அதைத் தராசில் நிறுத்தே கணக்கிட்டார்கள்.

பொன் டாரிக் போரிலும் அரசியலிலும் வேலை செய்தது. கி.மு. 401-இல் பாரசீக இளவரசர் இளைய சைரஸ், மன்னராக இருந்த தம் அண்ணனின் அரியணையைப் பறிக்கக் கிரேக்கக் கூலிப்படையைத் திரட்டியபோது, வீரர் ஒருவருக்கு மாதம் ஒரு டாரிக் சம்பளம். வழியில் அவர்கள் முரண்டுபிடித்ததும் அதை ஒன்றரையாக உயர்த்தினார். சில ஆண்டுகள் கழித்து, ஸ்பார்ட்டா மன்னர் அகெசிலாஸ் ஆசியாவில் வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தார். பாரசீகப் பொன் கிரேக்க நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்நகரங்கள் ஸ்பார்ட்டாவுக்கு எதிராகக் கிளம்பின. கி.மு. 394-இல் அகெசிலாஸ் நாடு திரும்ப நேர்ந்தது. தம்மை ஆசியாவிலிருந்து விரட்டியது மன்னரின் வில்லாளிகள்தாம் என்று அவர் சொன்னதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கிரேக்கர்கள் டாரிக்கை 'வில்லாளி' என்றே அழைத்தார்கள்.

பேரரசின் ஆளுநர்கள் தம் பகுதிகளில் தனிக் காசுகளும் அடித்தார்கள். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரிபாசஸ் என்ற ஆளுநர், இன்றைய துருக்கியின் தென்கரையான சிலிசியாவில் வெளியிட்ட வெள்ளிக் காசில் அகுரா மஸ்தாவின் சிறகுருவம் இருக்கிறது. மன்னரின் காசு தொடத் தயங்கியதை ஆளுநரின் காசு தொட்டுவிட்டது.

கிரேக்க எழுத்தில் ஈரானிய மன்னர்கள்

கி.மு. 330-இல் அலெக்சாந்தர் பெர்செபோலிஸின் கருவூலத்தைக் கைப்பற்றினார். அங்கு குவிந்திருந்த பொன்னும் வெள்ளியும் உருகி அவருடைய காசுகளாகின. அவருக்குப் பின் வந்த செலூசிய மரபும் கிரேக்கக் கடவுளரையும் கிரேக்க எழுத்தையும் காசில் பரப்பியது.

ஆனால் பழைய பாரசீகத்தின் தாயகமான பார்ஸ் பகுதியில் உள்ளூர் ஆட்சியாளர்கள் வேறு வகைக் காசு அடித்தார்கள். 'ஃபிரதரகா' என்பது அவர்களுடைய பட்டம். எழுத்து, மேற்காசியாவில் பரவலாக வழங்கிய அரமேயம். முன்பக்கத்தில் காதை மூடிய துணித்தொப்பி அணிந்த தலை. பின்பக்கத்தில் கோபுரம் போன்ற ஒரு கட்டடம், அதன் முன் வணங்கி நிற்கும் ஆட்சியாளர், அருகே ஒரு கொடி. அந்தக் கட்டடம் அக்னி ஆலயமா, வேறொன்றா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எதுவானாலும், டேரியஸின் கல்லறைச் சிற்பத்தில் கண்ட வழிபாட்டுக் கோலம் முதன்முதலாகக் காசில் இறங்கியது இங்கேதான். இவர்களுக்குப் பின் வந்த பார்ஸ் மன்னர்களின் காசில் எரியும் பீடமே வெளிப்படையாக வந்துவிட்டது. சிறிய நாட்டின் சிறிய காசுகள். அருங்காட்சியகத்தில் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படிப் போகாதீர்கள். அர்தஷீர் பிறந்தது இந்த மண்ணில்தான்.

இதற்கிடையே வடக்கிலிருந்து பார்த்தியர் எழுந்தனர். ஏறத்தாழ கி.மு. 247 முதல் கி.பி. 224 வரை நீடித்த மரபு அது. அவர்களுடைய வழக்கமான காசு, சுமார் 4 கிராம் எடையுள்ள வெள்ளித் திரக்மா. முன்பக்கத்தில் இடப்புறம் பார்க்கும் மன்னரின் முகம். பின்பக்கத்தில் அமர்ந்த கோலத்தில் ஒரு வில்லாளி. நடுவே செலூசியரின் கடவுளர் எல்லாம் வந்துபோன பிறகு, வில் திரும்பவும் வந்துவிட்டது.

பார்த்தியர் கிரேக்கத்தை நகலெடுத்தவர்கள் என்று சிலர் எளிதாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்து கிரேக்கம் என்பது உண்மைதான். 'மன்னர்மன்னர், அர்சாகஸ், நன்மை செய்பவர், நீதிமான், கிரேக்கரின் நண்பர்' என்று பட்டங்கள் வரிசையாக நிற்கும். ஆனால் 'மன்னர்மன்னர்' என்பது டேரியஸ் தம் கல்வெட்டுகளில் சூட்டிக்கொண்ட பட்டம். இரண்டாம் மித்ரிடேட்டஸ் காலத்தில் அது காசுக்கு வந்தது. கிரேக்கப் பாணியில் தலையைச் சுற்றிய நாடாவை அவர் விட்டுவிட்டு, மணிகள் பதித்த உயரமான ஈரானியத் தலையணியோடு காசில் தோன்றினார். கிரேக்கம் பேசும் வணிகர்களுக்குப் புரிய கிரேக்க எழுத்து, ஈரானியப் பிரபுக்களுக்குப் புரிய வில்லும் தலையணியும். ஒரே காசு இரண்டு கூட்டத்தாரிடமும் பேசியது.

பெரும்பாலான மன்னர்கள் மரபின் முதல்வரான அர்சாகஸின் பெயரையே போட்டுக்கொண்டதால் இந்தக் காசுகளை அடையாளம் காண்பது கடினம். முகத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருக்கும். கார்ஹே போரில் ரோமர்களை முறியடித்த காலத்து மன்னரான இரண்டாம் ஓரோடெஸின் நெற்றியில் ஒரு மரு தெரியும். அச்சு வெட்டியவர் அதை மறைக்கவில்லை. அவருடைய வாரிசுகள் சிலரின் நெற்றியிலும் மரு இருக்கிறது. குடும்பத்தில் வந்த மருவா, அரச அடையாளமாகவே ஆகிவிட்டதா என்று யோசிக்கத் தோன்றுகிறது. மூசா என்ற அரசியும் காசில் இருக்கிறார். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் பரிசாக அனுப்பிய அடிமைப் பெண்ணாக வந்து, மன்னரின் மனைவியாகி, பிறகு மகனோடு சேர்ந்து ஆண்டவர். 'விண்ணகத் தேவி' என்று காசில் தம்மைக் குறித்துக்கொண்டார்.

கி.பி. முதல் நூற்றாண்டுக்குப் பிறகு கிரேக்க எழுத்துகள் சிதைந்து வெறும் கோடுகளாகின்றன. முன்பக்கத்தில் பார்த்திய எழுத்துகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. பின்புற வில்லாளியும் குச்சிக் கோடுகளாக மெலிந்துபோகிறான்.

அக்னி பீடம்

கி.பி. 224-இல் பார்ஸ் நாட்டு அர்தஷீர், பார்த்தியரின் கடைசிப் பேரரசர் அர்தபானுஸைப் போர்க்களத்தில் வென்று சாசானிய மரபைத் தொடங்கினார். காசு தலைகீழாக மாறியது. பார்த்திய மன்னர்கள் இடப்புறம் பார்த்தார்கள், சாசானியர் வலப்புறம் பார்த்தார்கள். எடை பழைய 4 கிராம்தான். காசின் தகடு மட்டும் மெலிந்து அகன்றது. இதனால் உருவங்களுக்கு இடம் கிடைத்தது. வில்லாளி அமர்ந்திருந்த பின்பக்கத்தில் அக்னி பீடம் ஏறியது.

சொராஸ்டிரியர்களுக்கு நெருப்பு தூய்மையின் வடிவம், அகுரா மஸ்தாவின் முன் நின்று வணங்குவதற்கான சாட்சி. சாசானிய மன்னர் ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் ஓர் அக்னி மூட்டப்பட்டது. காசில் 'அர்தஷீரின் அக்னி', 'ஷாபூரின் அக்னி' என்று எழுதப்பட்டது அதைத்தான். ஆட்சியாண்டு எண்ணுவதும் அந்த நெருப்போடு பிணைந்திருந்தது. மன்னரின் முகத்துக்கு நேர் பின்னால் அவருடைய நெருப்பு எரிகிறது. முகத்தையும் நெருப்பையும் பிரிக்க வேண்டுமானால் காசையே உடைக்க வேண்டும்.

முன்பக்க வாசகம் இது: 'மஸ்தாவை வணங்கும் தெய்வீகர் அர்தஷீர், ஈரானியரின் மன்னர்மன்னர், தேவர்களின் வழிவந்தவர்'. இதில் வில்லைப் பற்றியோ போரைப் பற்றியோ பேச்சில்லை. 'என் கைவலிமையைப் பார்' என்றது டேரியஸின் காசு. 'என்னை அனுப்பியவரைப் பார்' என்கிறது இந்தக் காசு. டேரியஸின் கல்லறை உள்ள அதே நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில், அர்தஷீரும் தம் சிற்பத்தைச் செதுக்கினார். குதிரைமேல் அமர்ந்த அகுரா மஸ்தா, எதிரே குதிரைமேல் இருக்கும் அர்தஷீருக்கு ஆட்சி வளையத்தை நீட்டுகிறார்.

வாசகத்தின் எழுத்து பஹ்லவி, அக்காலப் பாரசீக மொழியை எழுதிய எழுத்து. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அதில் ஒரு விசித்திரம் உண்டு. 'மன்னர்மன்னர்' என்பதை அரமேய மொழியில் 'மல்கான் மல்கா' என்று எழுதிவிட்டு, பாரசீக மொழியில் 'ஷாஹான் ஷா' என்று படிப்பார்கள். ௵ என்று எழுதி 'வருடம்' என்று நாம் படிப்பதைப் போல.

அடுத்து மகுடம். சாசானிய நாணயம் படிக்கக் கற்பவர் முதலில் கற்க வேண்டியது மகுடங்களைத்தான். ஒவ்வொரு மன்னருக்கும் ஒரு தனி மகுடம். உச்சியில் பட்டுத் துணியால் மூடிய உருண்டையான கொண்டை பெரும்பாலும் பொது. அதற்குக் கீழே உள்ளது ஆளுக்கு ஆள் மாறும். முதலாம் ஷாபூரின் மகுடம் கோட்டைமதிலின் கொத்தளம் போலப் படிப்படியாக இருக்கும். அது அகுரா மஸ்தாவுக்கு உரியதாகக் கருதப்படுகிறது. முதலாம் பஹ்ராமின் மகுடத்தில் கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒளிக் கடவுளான மித்ராவைக் குறிக்கும். இரண்டாம் பஹ்ராமின் மகுடத்தில் சிறகுகள். அவர் அரசியையும் இளவரசரையும்கூடத் தம்மோடு காசில் சேர்த்துக்கொண்டார். பாறைச் சிற்பங்களிலும் வெள்ளித் தட்டுகளிலும் வேட்டையாடும் மன்னர்கள் யார் யார் என்று இன்று நமக்குத் தெரிவது இந்தக் காசு மகுடங்களால்தான். சிற்பங்களில் பலவற்றுக்குப் பெயர் எழுதப்படவில்லை. காசில் பெயரும் மகுடமும் ஒன்றாக இருக்கின்றன.

பெரோஸின் கதை மனத்தைத் தொடுவது. 459 முதல் 484 வரை ஆண்டவர். கிழக்கே, மத்திய ஆசியாவை ஆண்ட ஹெப்தலியர் என்ற இனத்தாரிடம் தோற்றுச் சிறைப்பட்டார். மீட்புப் பணத்துக்கு ஈடாக மகன் கவாதைப் பணயமாக விட்டுவர நேர்ந்தது. அவருடைய காசுகளில் மகுடம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வடிவங்கள் எடுக்கிறது. கடைசி வடிவத்தில் சிறகுகள் முளைக்கின்றன. தோற்ற மன்னரிடமிருந்து தெய்வ அருள் விலகிவிட்டது, புதிய மகுடத்தோடு அது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த அருளுக்குப் பாரசீகத்தில் 'ஹ்வர்ரா' என்று பெயர். தகுதியான மன்னரிடம் ஒளியாக வந்து தங்கும், பொய் பேசினாலோ தவறினாலோ விட்டுப் போய்விடும். தமிழில் அதற்கு நெருக்கமான ஒரு சொல் தேடினால் 'திரு' என்பேன். பெரோஸ் மீண்டும் போருக்குப் போய், 484-இல் அதே பகைவரிடம் களத்தில் மடிந்தார்.

இந்த ஹ்வர்ரா பிற்காலக் காசில் எழுத்தாகவே வந்துவிடுகிறது. இரண்டாம் குஸ்ரோவின் திரக்மா புதியவர்கள் படித்துப் பழக மிகவும் ஏற்றது. நிறைய அடிக்கப்பட்டதால் உலகெங்கும் அருங்காட்சியகங்களில் காணலாம். முன்பக்கத்தில் இரண்டு சிறகுகள் விரிந்த மகுடம், அதன் மேலே பிறையும் விண்மீனும். முகத்துக்கு முன்னால் 'குஸ்ரோ' என்ற பெயர். தலைக்குப் பின்னால் 'திரு பெருகட்டும்' என்ற பொருளில் இரண்டு சொற்கள். காசைத் திருப்பினால் நடுவே பீடமும் சுடரும், இருபுறமும் இரண்டு காவலர்கள். சுடரின் ஒரு பக்கம் விண்மீன், மறுபக்கம் பிறை. இடது ஓரத்தில் ஆட்சியாண்டு, வலது ஓரத்தில் அக்கசாலை அமைந்த ஊரின் சுருக்கப் பெயர். ஹமதான், இஸ்தக்ர், பிஷாபூர், தாராப்கெர்த் என்று பல ஊர்கள் இருந்தன. இவ்வளவும் 3 சென்டிமீட்டர் அகலத்தில். டேரியஸின் கல்லறையில் நாம் பார்த்த நெருப்பும் நிலாவும் காசுக்கு வந்துசேர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்.

குஸ்ரோ 628-இல் கொல்லப்பட்ட பின் அரசு ஆட்டம் கண்டது. 630-இல் அவருடைய மகள் போரான் அரியணை ஏறினார். அவருடைய முகமும் காசில் இருக்கிறது, பின்னிய கூந்தலோடு. சிறப்பாக அடிக்கப்பட்ட ஒரு காசில் 'தேவர்களின் குலத்தை மீட்டெடுத்தவர்' என்று தம்மை அழைத்துக்கொள்கிறார். உள்நாட்டுச் சண்டைகளால் குலமே கரைந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் அந்த வரியைப் பொறிக்கச் சொன்னார் என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

எல்லை தாண்டிய வெள்ளி

6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ், இலங்கையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். சோபாத்ரஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகத் தூதரும் ஒரே நேரத்தில் இலங்கை மன்னரின் முன் போய் நின்றார்கள். உங்கள் இருவரின் மன்னர்களில் யார் பெரியவர் என்று மன்னர் கேட்டார். பாரசீகர் முந்திக்கொண்டு தம் மன்னரே பெரியவர் என்றார். சோபாத்ரஸோ, இரண்டு மன்னர்களும் இங்கேயே இருக்கிறார்கள், நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, ரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக் காசையும் காட்டச் செய்தார். மன்னர் இரண்டையும் புரட்டிப் பார்த்து, பளபளத்த பொன்னைப் பார்த்து ரோமர்களே பெரியவர்கள் என்று தீர்ப்பளித்தாராம்.

இதைச் சொன்னவர் ரோமப் பேரரசின் குடிமகன் என்பதை மறக்கக் கூடாது. பாரசீகர்களிடம் பொன் இல்லாமல் இல்லை. சாசானியர் பொற்காசும் அடித்தார்கள், விழாக்களுக்கும் பரிசுகளுக்கும். அன்றாட வாணிகத்துக்கு அவர்கள் வெள்ளியை நம்பினார்கள். அந்த வெள்ளித் திரக்மாவின் எடை நான்கு நூற்றாண்டுகளாக 4 கிராமை ஒட்டியே நின்றது. ரோம வெள்ளிக் காசோ கி.பி. 3-ஆம் நூற்றாண்டிலேயே கலப்படத்தால் வெள்ளிப் பூச்சு அளவுக்குத் தேய்ந்து போயிருந்தது. மன்னர் இரண்டு நாட்டு வெள்ளிக் காசுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

பெரோஸ் கொடுத்த மீட்புப் பணமும் கப்பமும் சாசானிய வெள்ளியை மத்திய ஆசியாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் நிரப்பின. அங்கு வந்த அரசர்கள் பெரோஸின் காசையே பார்த்துப் பார்த்து நகல் எடுத்தார்கள். நகலின் நகல், அதன் நகல் என்று போய், குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பல நூற்றாண்டுகள் புழங்கிய 'கதையா' காசில் வந்து நின்றது. அதன் ஒரு பக்கத்தில் மன்னரின் முகம் சில வளைகோடுகளாகிவிட்டது. மறுபக்கத்தில் கோடுகளும் புள்ளிகளும் அடுக்கடுக்காக நிற்கும். அக்னி பீடமும் காவலர்களும்தான் அவை. காசின் பெயரும் பயணம் செய்தது. கிரேக்கரின் திரக்மா பஹ்லவியில் 'திரஹ்ம்' ஆகி, அரபியில் திர்ஹம் ஆயிற்று. வடநாட்டில் 'திரம்மம்' ஆகி, தமிழ்க் கல்வெட்டுகளில் 'திரமம்' என்று வழங்கியது.

மன்னர்களின் பெயர்களும் காசோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் குடியேறிய பார்சி மக்களிடம் அர்தஷீர், ஷாபூர், பெரோஸ், பஹ்ராம், கோபாத், குஸ்ரோ என்ற பெயர்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. உதகமண்டலத்தில் அடக்கம் செய்யப்பட்ட பீல்டு மார்ஷல் மானெக்ஷாவின் முழுப்பெயரில் 'ஹோர்முஸ்ஜி' என்று ஒரு பகுதி வரும். சாசானியக் காசுகளில் ஹோர்மிஸ்த் என்ற பெயரில் பல மன்னர்கள் இருக்கிறார்கள்.

651-இல் கடைசிச் சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகர்த் கொல்லப்பட்டார். அரபு முஸ்லிம்களின் ஆட்சி வந்தது. அவர்கள் செய்தது சைரஸ் லிடியாவில் செய்ததேதான். காசை அப்படியே விட்டார்கள். குஸ்ரோவின் முகம், அக்னி பீடம், காவலர்கள் எல்லாம் இருக்க, ஓரத்தில் மட்டும் அரபியில் 'பிஸ்மில்லா', அதாவது 'அல்லாஹ்வின் பெயரால்' என்று சேர்த்தார்கள். பிறகு பஹ்லவி எழுத்திலேயே அரபு ஆளுநர்களின் பெயர்கள் வந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு இப்படி ஓடியது. 690-களின் இறுதியில் கலீபா அப்துல் மாலிக் உருவங்களே இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள வெள்ளித் திர்ஹத்தை வெளியிட்டார். பீடத்தின் நெருப்பு பெரும்பாலான அக்கசாலைகளில் அத்துடன் அணைந்தது.

காஸ்பியன் கடலோரத்தில், மலைகளால் காக்கப்பட்ட தபரிஸ்தானில் மட்டும் இன்னும் நூறு ஆண்டுகள் எரிந்தது. அங்கு ஆண்ட உள்ளூர் மன்னர்களும், அவர்களுக்குப் பின் வந்த, அப்பாசியக் கலீபாக்களின் ஆளுநர்களும் குஸ்ரோ பாணியிலேயே பாதி எடையில் காசு அடித்தார்கள். 780-களின் இறுதியில் சுலைமான் என்ற ஆளுநருக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. முகம் இருந்த இடத்தை ஒரு சாய்சதுரக் கட்டமாக வெட்டச் செய்து, அதற்குள் 'நன்று' என்ற பொருள்படும் ஓர் அரபுச் சொல்லைப் பொறித்தார். சிறகு விரித்த மகுடம் கட்டத்துக்கு மேலே அப்படியே இருக்கிறது. காசைத் திருப்பினால் இரண்டு காவலர்களுக்கு நடுவே நெருப்பும் இருக்கிறது.